வானில் பொதுவான விதிகள்: சர்வதேச விமானப் பாதுகாப்பு ஒத்துழைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான விபத்துச் செய்தி வெளிவரும் ஒவ்வொரு முறையும் ஐ.சி.ஏ.ஓ., இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ., ‘இணைப்பு 13’ போன்ற பெயர்கள் போதிய விளக்கமின்றி நாளிதழ்களில் வந்துபோகின்றன. இந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள சர்வதேச ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதை வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளின் வழியே இங்கே விளக்கியிருக்கிறேன். விமானக் கடத்தலையும் வெடிகுண்டுகளையும் தடுக்கும் காவல் ஏற்பாடுகள் தனித்துறை என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் விமானத்துக்கு எந்த நாட்டின் விதிகள் பொருந்தும்?

ஒரு நாட்டின் விதிகள் மட்டும் அல்ல. விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதோ அந்த நாடே அதன் பறக்கும் தகுதிக்கும் அதை ஓட்டும் விமானிகளின் உரிமங்களுக்கும் முதன்மைப் பொறுப்பு. எந்த நாட்டின் எல்லைக்குள் பறக்கிறதோ அந்த நாட்டின் பறத்தல் விதிகளுக்கும் அந்த விமானம் கட்டுப்பட வேண்டும். இடையில் இருக்கும் வங்காள விரிகுடாவின் திறந்த கடற்பகுதியில் எந்த நாட்டுக்கும் இறையாண்மை கிடையாது. அங்கே, சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான சிகாகோ உடன்படிக்கையின் 12ஆம் பிரிவின்படி சர்வதேச விதிகளே நேரடியாகப் பொருந்துகின்றன.

கரையை விட்டுச் சில நூறு கிலோமீட்டர் விலகியதும் தரை ரேடாரின் பார்வை எல்லை முடிந்துவிடும். அதன்பின் விமானத்தின் இருப்பிடம் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தானாகவே வந்து சேர்கிறது. உயரத்தை மாற்ற விமானி கேட்கும் அனுமதியும் அதற்கான பதிலும் குரலாக அல்லாமல் விமானி அறைத் திரையில் எழுத்துகளாக வந்துபோவதும் உண்டு. தன் பொறுப்பில் உள்ள வான்பகுதியான வான்வெளிப் பிரிவின் எல்லைக்கோட்டை எட்டும்போது சென்னை மையம் அந்த விமானத்தைக் கோலாலம்பூர் மையத்திடம் ஒப்படைக்கிறது. கடைசியில் சிங்கப்பூர் மையம் ஏற்றுக்கொள்கிறது. இத்தனை கைமாற்றங்களுக்கும் ஒரே நடைமுறை, ஒரே சொல்வழக்கு, ஒரே கடிகார நேரம் இருந்தாக வேண்டும் என்பதே சர்வதேச ஒத்துழைப்பின் அன்றாட வடிவம்.

ஒரு வான்வெளிப் பிரிவை நிர்வகிக்கும் நாடுதான் அதன் உரிமையாளர் என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. இந்தோனேசியாவின் ரியாவ், நத்துனா தீவுகளுக்கு மேலுள்ள வான்வெளியைச் சிங்கப்பூர் மையமே நெடுங்காலம் கவனித்துவந்தது. 2022 ஜனவரியில் இரு நாடுகளும் உடன்பாடு செய்து, 2024 மார்ச் 22 முதல் அந்தப் பகுதியை ஜகார்த்தா மையத்தின் பிரிவுக்குள் கொண்டுவந்தன; அதே உடன்பாட்டின்படி, சிங்கப்பூர் விமான நிலையத்தை ஒட்டிய பகுதியை மட்டும் பாதுகாப்புக் கருதிச் சிங்கப்பூரே தொடர்ந்து நிர்வகிக்க இந்தோனேசியா ஒப்படைத்திருக்கிறது. இறையாண்மையும் பாதுகாப்பும் மோதிக்கொள்ளாமல் தீர்க்கப்பட்ட நல்ல முன்னுதாரணமாக இதைக் கருதுகிறேன்.

இந்த விதிகளை வகுத்தது யார்?

இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே, 1944 நவம்பரில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் நாடுகள் கூடின. அங்கே டிசம்பர் 7 அன்று 52 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கைதான் இன்றுவரை அடிப்படை. இந்தியாவும் அந்த மாநாட்டில் கலந்துகொண்டது. சோவியத் ஒன்றியம் விலகி நின்று 1970இல்தான் சேர்ந்தது. உடன்படிக்கை 1947 ஏப்ரல் 4 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதைச் செயல்படுத்துவதற்காகச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐ.சி.ஏ.ஓ., பிறந்தது. கனடாவின் மான்ட்ரியலில் தலைமையகம் கொண்ட இந்த ஐ.நா. சிறப்பு அமைப்பில் இன்று 193 நாடுகள் உறுப்பினர்களாக உள்ளன.

உடன்படிக்கையுடன் 19 இணைப்புகள் சேர்க்கப்பட்டுள்ளன. விமானிகளின் உரிமம் இணைப்பு 1இலும், விமான நிலையங்களின் அமைப்பு இணைப்பு 14இலும், விபத்து விசாரணை இணைப்பு 13இலும் வருகின்றன. 2013இல் ஏற்கப்பட்ட இணைப்பு 19 பாதுகாப்பு மேலாண்மை பற்றியது.

ஐ.சி.ஏ.ஓ. சொன்னால் ஒரு நாடு கட்டாயம் கேட்க வேண்டுமா?

இணைப்புகளில் இரு வகை விதிகள் உள்ளன. ஒன்று தரநிலை, அது கட்டாயம். மற்றொன்று பரிந்துரை, அதைப் பின்பற்றுவது விரும்பத்தக்கது. 36 நாடுகள் கொண்ட ஐ.சி.ஏ.ஓ. மன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் இவற்றை ஏற்கிறது. ஆனால் கட்டாயத் தரநிலையைக்கூடத் தன்னால் நிறைவேற்ற முடியாது என்று ஒரு நாடு கருதினால், உடன்படிக்கையின் 38ஆம் பிரிவின்படி அந்த வேறுபாட்டை உடனே ஐ.சி.ஏ.ஓ.வுக்கு அறிவிக்க வேண்டும். மற்ற நாடுகளின் விமானிகள் அதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்துகொள்வார்கள்.

இந்தப் பிரிவைத் தப்பிக்கும் வழி என்று சிலர் குறைகூறுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மறைக்கப்பட்ட குறையைவிட அறிவிக்கப்பட்ட குறை ஆபத்து குறைந்தது. ஒரு நாடு தன் குறையை அறிவிக்காமல் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் காட்டிக்கொள்வதே உண்மையான ஆபத்து.

தரநிலைக்கும் பரிந்துரைக்கும் உள்ள இடைவெளி உயிர்களோடு தொடர்புடையது என்பதற்கு ஓடுபாதையின் முனையைப் பார்த்தாலே போதும். ஓடுபாதையை ஒட்டிய பட்டைக்கு அப்பால், விமானம் நிற்காமல் ஓடிவிட்டால் சேதத்தைக் குறைப்பதற்காகக் காலியாக விடப்படும் பாதுகாப்புப் பகுதிக்கு இணைப்பு 14 கூறும் கட்டாய நீளம் 90 மீட்டர். பெரிய ஓடுபாதைகளுக்குப் பரிந்துரைக்கும் நீளம் 240 மீட்டர். 2010இல் மங்களூருவில் 158 பேரும், 2020இல் கோழிக்கோட்டில் 21 பேரும் இறந்த விபத்துகளில், குன்றின் உச்சியில் அமைந்த ஓடுபாதையைத் தாண்டி விமானங்கள் சரிவில் விழுந்தன. அத்தகைய இடங்களில் ஓடுபாதைக்கு அப்பாலுள்ள ஒவ்வொரு மீட்டரும் மதிப்புடையது.

மீறும் நாட்டுக்கு என்ன தண்டனை?

ஐ.சி.ஏ.ஓ.விடம் அபராதம் விதிக்கும் அதிகாரமோ விமானங்களைத் தரையிறக்கி நிறுத்தும் அதிகாரமோ இல்லை. அதற்கு மாறாகத் தணிக்கை இருக்கிறது. 1999இல் தொடங்கிய உலகளாவிய பாதுகாப்பு மேற்பார்வைத் தணிக்கைத் திட்டத்தின்கீழ், ஒரு நாட்டின் சட்டம், ஒழுங்குமுறை அமைப்பு, ஆய்வாளர்களின் எண்ணிக்கை, அவர்களின் பயிற்சி, கண்டறிந்த குறைகளைத் தீர்க்கும் வேகம் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. இங்கே தணிக்கைக்கு உள்ளாவது அரசு. தனி விமான நிறுவனம் அல்ல. மிகக் கடுமையான குறை தென்பட்டு, அது குறித்த காலத்துக்குள் தீர்க்கப்படாவிட்டால் அந்த நாட்டின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி இடப்படும்.

2015 ஜூனில் தாய்லாந்துக்கு அது நேர்ந்தது. விமானங்களை இயக்க நிறுவனங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் முறையில் குறை காணப்பட்டிருந்தது. அந்தக் குறை வெளிப்பட்டதை அடுத்து, சிவப்புக் குறிக்கு முன்பே, தாய்லாந்து நிறுவனங்கள் புதிய சேவைகளைத் தொடங்க ஜப்பானும் தென்கொரியாவும் தடைவிதித்தன. தாய்லாந்து தன் ஒழுங்குமுறை அமைப்பையே புதிதாக அமைத்து, நிறுவனங்களை ஒவ்வொன்றாக மறுபடி சோதித்துச் சான்றளித்த பின், 2017 அக்டோபரில் சிவப்புக் குறி நீங்கியது.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தனியாக ஒரு மதிப்பீடு செய்கிறது. 2014 ஜனவரியில் இந்தியாவை அது, சர்வதேசத் தரநிலைகளை நிறைவேற்றாத நாடுகளுக்கான இரண்டாம் பிரிவுக்குத் தாழ்த்தியது. இந்திய நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவைகளைச் சேர்க்க முடியாமல் போயிற்று. இந்தியா முழுநேர ஆய்வாளர்களைக் கூடுதலாக நியமித்துக் குறைகளைச் சரிசெய்தபின் 2015 ஏப்ரலில் முதல் பிரிவு திரும்பக் கிடைத்தது. தாழ்த்தப்பட்டபோது நாட்டுக்கு அவமானம் என்று எழுந்த குரல்களை மதிக்கிறேன். ஆயினும் ஆய்வாளர் பணியிடங்கள் நிரம்பியதற்கு அந்த அழுத்தமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமோ, பாதுகாப்புக் குறைவான நிறுவனங்கள் தன் வான்வெளிக்குள் வராதபடி 2006 முதல் தடைப்பட்டியல் வெளியிட்டுவருகிறது. 2007இல் இந்தோனேசிய நிறுவனங்கள் அனைத்தும் அதில் சேர்க்கப்பட்டன. படிப்படியாக விலக்கு பெற்று, 2018இல்தான் எல்லா நிறுவனங்களும் அதிலிருந்து வெளிவந்தன.

விபத்து நடந்த பிறகுதான் விதிகள் மாறுகின்றனவா?

பல முக்கிய விதிகளின் வரலாறு அப்படித்தான் இருக்கிறது. நம் அருகிலேயே நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானமும், டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்த கசகஸ்தான் நாட்டின் இல்யூஷின் 76 விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் மோதிக்கொண்டன. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். வானில் நடந்த மோதல்களில் இன்றுவரை மிக அதிக உயிரிழப்பு ஏற்பட்டது இதில்தான்.

சவூதி விமானத்துக்கு 14,000 அடி உயரமும், கசக் விமானத்துக்கு 15,000 அடி உயரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. கசக் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நீதிபதி லஹோட்டி தலைமையிலான விசாரணையில் தெரியவந்த ஒரு விவரத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கசக் விமானத்தில் தரைக் கட்டுப்பாட்டாளருடன் ஆங்கிலத்தில் பேசியவர், விமானத்தின் வானொலித் தொடர்பைக் கையாளும் பணியாளர். அவருக்கு முன்னால் உயரங்காட்டும் கருவி இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே அவர் உயரத்தை அறிய வேண்டும். கருவி முன்னால் இருந்த விமானிகளுக்கோ ஆங்கிலம் போதாது. டெல்லியிலும் குறைகள் இருந்தன: புறப்படும் விமானங்களும் வந்திறங்கும் விமானங்களும் ஒரே வான்பாதையைப் பகிர்ந்துகொண்டன, அப்போது பயன்பாட்டில் இருந்த ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாது. இரு விமானங்களிலும் மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் இல்லை.

இதன்பின் இந்தியா டிகாஸ் கருவியைக் கட்டாயமாக்கியது. டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் பிரிக்கப்பட்டன. டிகாஸ் பின்னர் சர்வதேசத் தரநிலையிலும் இடம்பெற்றது.

கருவி வந்ததோடு சிக்கல் தீரவில்லை. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் டி.எச்.எல். சரக்கு விமானமும் மோதி, பள்ளி மாணவர்கள் பலர் உட்பட 71 பேர் இறந்தனர். இரண்டிலும் டிகாஸ் இருந்தது, சரியாகவும் வேலை செய்தது. சூரிச் மையத்தில் அந்நேரம் தனியாகப் பணியாற்றிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னார். அதன் டிகாஸ் மேலே ஏறச் சொன்னது. விமானி கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டார். சரக்கு விமானம் தன் டிகாஸ் சொன்னபடியே கீழே இறங்கியது. மனிதர் சொல்வதும் கருவி சொல்வதும் முரண்பட்டால் எதைக் கேட்பது என்பதில் அன்றைய சர்வதேச விதிகள் போதிய தெளிவு தரவில்லை. கருவியின் கட்டளைக்கே முன்னுரிமை என்று பின்னர் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது.

விமானிகள் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா?

தரை நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியிலும் பேசலாம் என்று விதி அனுமதிக்கிறது. பாரிஸில் பிரெஞ்சும் மாட்ரிட்டில் ஸ்பானிஷும் காதில் விழுவது அதனால்தான். ஆனால் சர்வதேசப் போக்குவரத்து உள்ள இடங்களில் யார் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வசதி இருக்க வேண்டும். சர்க்கி தாத்ரி போன்ற விபத்துகளுக்குப் பிறகு, 2003இல் மொழித்திறன் தரநிலை ஏற்கப்பட்டது. ஆறு படிகளில் நான்காம் படியையாவது எட்டியவர்களே சர்வதேசச் சேவைகளில் விமானிகளாகவோ கட்டுப்பாட்டாளர்களாகவோ பணியாற்றலாம். நான்காம் படியில் இருப்பவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் தேர்வுக்கு உட்பட வேண்டும். 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வர வேண்டிய இந்த விதிக்குப் பல நாடுகள் தயாராகாததால் 2011 மார்ச் வரை சலுகைக் காலம் தரப்பட்டது.

ஆங்கிலம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில், மூடுபனி சூழ்ந்த ஓடுபாதையில் இரு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்து சான்று. ‘டேக்-ஆஃப்’ என்று விமானி சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். இன்று, மேலெழும்ப அனுமதி தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் மட்டுமே அந்தச் சொல் பயன்படுத்தப்படும்; மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நாடு சான்றளித்த விமானத்தை மற்ற நாடுகள் அப்படியே ஏற்க வேண்டுமா?

குறைந்தபட்சத் தரநிலைகளை நிறைவேற்றி வழங்கப்பட்ட சான்றிதழ்களையும் உரிமங்களையும் மற்ற நாடுகள் அங்கீகரிக்க வேண்டும் என்கிறது சிகாகோ உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு. விமானத்தை வடிவமைத்த நாடு தன் வேலையை முழுமையாகச் செய்திருக்கும் என்ற நம்பிக்கையிலேயே ஏனைய நாடுகள் நடந்துகொண்டன. போயிங் 737 மேக்ஸ் அந்த நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்தது. 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் 157 பேரும் இறந்தனர். இரண்டாம் விபத்துக்கு மறுநாளே சீனா அந்த வகை விமானங்களை நிறுத்தியது. ஐரோப்பாவும் இந்தியாவும் அடுத்தடுத்து நிறுத்தின. வடிவமைத்த நாடான அமெரிக்கா மார்ச் 13 அன்றுதான் நிறுத்தியது. பின்னர் சீனா, இந்தோனேசியா, சிங்கப்பூர், பிரேசில் உட்படப் பல நாடுகளின் வல்லுநர்கள் அமெரிக்கர்களோடு சேர்ந்து அந்தச் சான்றளிப்பு முறையையே ஆராய்ந்தார்கள். மீண்டும் பறக்க அமெரிக்கா 2020 நவம்பரிலும், ஐரோப்பா தன் சொந்த ஆய்வுக்குப் பின் 2021 ஜனவரியிலும், இந்தியா அதே ஆண்டு ஆகஸ்டிலும் அனுமதித்தன. தாமதமானாலும் ஒவ்வொரு நாடும் தானாகவே சரிபார்த்தது நல்லதே என்பது என் உறுதியான கருத்து.

விபத்து நடந்தால் யார் விசாரிப்பார்கள்?

விபத்து நடந்த நாடே விசாரணையை நடத்தும். விமானத்தைப் பதிவு செய்த நாடு, இயக்கிய நிறுவனத்தின் நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகியவை தம் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமை பெற்றவை. குடிமக்களை இழந்த நாடும் வல்லுநரை அனுப்பலாம்.

1974 டிசம்பர் 4 அன்று இலங்கையின் மஸ்கெலியா அருகே சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்த விமானத்தை எண்ணிப் பாருங்கள்: விமானம் நெதர்லாந்து நிறுவனத்துடையது, அமெரிக்காவில் செய்யப்பட்டது, பயணிகள் ஹஜ்ஜுக்குச் சென்ற இந்தோனேசியர்கள், விழுந்த இடம் இலங்கை. பொதுவான விசாரணை விதிகள் இல்லையென்றால் இத்தகைய விபத்தில் எந்த நாட்டுக்கு என்ன உரிமை என்பதிலேயே காலம் கழிந்துவிடும். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விழுந்து 260 பேர் இறந்தபோதும், இந்தியாவின் விபத்து விசாரணைப் பிரிவான ஏ.ஏ.ஐ.பி. தலைமையேற்க, அமெரிக்க, பிரிட்டன் விசாரணையாளர்கள் இணைந்தார்கள். ஒரு மாதத்தில் முதற்கட்ட அறிக்கை வெளிவந்தது. 30 நாள் என்பது இணைப்பு 13 குறிக்கும் கெடு.

இந்த விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது. குற்றம் சுமத்துவதும் பொறுப்பை நிர்ணயிப்பதும் அதன் வேலை அல்ல என்று இணைப்பு 13 வெளிப்படையாகச் சொல்கிறது. முதற்கட்ட அறிக்கையின் ஒரு வரியை வைத்துக்கொண்டு இறந்துபோன விமானிகள்மீது பழிபோடும் தொலைக்காட்சி விவாதங்கள் எனக்கு மிகுந்த வேதனை தருகின்றன. விசாரணையில் சொன்னது தண்டனையாகத் திரும்பும் என்ற அச்சம் பரவினால், அடுத்த முறை விமானியோ பராமரிப்புப் பொறியாளரோ நடந்ததை நடந்தபடி சொல்லத் தயங்குவார்.

எம்.எச். 370 காணாமல் போன பிறகு என்ன மாறியது?

2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் அந்த மலேசியப் பயணிகள் விமானம் மறைந்தது, மலேசியக் கட்டுப்பாட்டிலிருந்து வியட்நாம் கட்டுப்பாட்டுக்கு மாறும் இடத்தில். அதன் பிறகு, கடல் மேல் பறக்கும் பெரிய விமானங்களின் இருப்பிடத்தை விமான நிறுவனம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அறிந்திருக்க வேண்டும் என்ற தரநிலை 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கருப்புப் பெட்டியிலிருந்து நீருக்கடியில் ஒலி எழுப்பும் கருவி 30 நாளுக்குப் பதில் 90 நாள் இயங்க வேண்டும் என்றானது. புதிதாகச் செய்யப்படும் பெரிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை தம் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்க வேண்டும்.

பயணிகள் விமானத்தைச் சுடக்கூடாது என்று விதி இல்லையா?

இருக்கிறது. 1983 செப்டம்பர் 1 அன்று கொரிய விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்ததை அடுத்து, 1984இல் உடன்படிக்கையில் அந்தத் தடை தெளிவாகச் சேர்க்கப்பட்டது. ஆயினும் 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனுக்கு மேலே எம்.எச். 17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். இவ்விஷயத்தில் ரஷ்யா தன் கடமையிலிருந்து தவறியது என்று ஐ.சி.ஏ.ஓ. மன்றம் 2025 மே மாதம் முடிவெடுத்தது. பதினோரு ஆண்டுகள் எடுத்தன. சர்வதேச ஏற்பாடு மிகவும் தளர்ந்து நிற்கும் இடம் இதுவே. போர் நடக்கும் வான்வெளியை மூடும் அதிகாரம் அந்தந்த நாட்டிடமே இருக்கிறது.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதும் இந்த விதிகளில் ஒன்றா?

ஆம். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால், பயணிகள் பகுதியில் என்றால் பணியாளர் உடனே பார்த்து அணைக்க முயலலாம். சரக்கு அறையில் என்றால் முடியாது. மின்கலத்தின் ஆற்றல் அளவு 100 வாட்-மணி வரை இருந்தால் பொதுவாக அனுமதி உண்டு. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 20,000 எம்.ஏ.எச். என்று அச்சிட்ட பவர் பேங்கின் கணக்கு, 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்க 74 வாட்-மணி. சில நிறுவனங்கள் இதைவிடக் கடுமையான விதிகளை வைத்திருப்பதால் பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் பொதுமக்கள் எங்கே பார்க்கலாம்?

ஐ.சி.ஏ.ஓ. தன் தணிக்கை முடிவுகளை நாடுவாரியாக, துறைவாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியல் அனைவரும் பார்க்கக்கூடியது. இந்தியாவில் ஏ.ஏ.ஐ.பி. விபத்து அறிக்கைகளைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. இறுதி அறிக்கையைப் பன்னிரண்டு மாதத்துக்குள் வெளியிட முடியாவிட்டால், ஒவ்வொரு ஆண்டும் விபத்து நடந்த நாளில் விசாரணையின் நிலையைச் சொல்லும் இடைக்கால அறிக்கையை வெளியிட வேண்டும் என்பதும் இணைப்பு 13இல் உள்ளது. அந்த நாளில் அறிக்கை வரவில்லை என்றால், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழோ அதுபற்றிக் கேள்வி எழுப்பலாம்.